கழற்றிப் போட்டதைத் தேடி

போடி, தேவாரம், கம்பம் பக்கம் பழைய ஜீப் வைத்திருக்கும் வீடுகளில் இப்போது ஒரு தலைகீழ் வேலை நடக்கிறது. அப்பா கழற்றி இரும்புக் கடைக்குப் போட்ட பெட்ரோல் எஞ்சினை மகன் தேடி அலைகிறார். அப்பா கடன் வாங்கி மாட்டிய டீசல் எஞ்சின் கொல்லைப்புறத்தில் தார்ப்பாய்க்குள் கிடக்கிறது. அவர் அடைத்த கிராங்க் ஓட்டை, அவர் வெட்டிய டாஷ்போர்டு, அவர் மாற்றிய முகப்பு விளக்கு வளையம் எல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பி வருகின்றன. அப்பாவைக் கேட்டால் வண்டியை நல்லதாக்கினேன் என்பார். மகனும் அதையேதான் சொல்கிறார். இரண்டு பேரும் சொல்வது சரி என்பதே என் கட்சி. அந்த வண்டியிடம் வீடு கேட்கிற வேலை வேறாகிவிட்டது, அவ்வளவுதான்.

எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு வீட்டை வைத்தே சொல்கிறேன். போடியில் ஏலக்காய்க் குடும்பம். தோட்டம் மலைக்கு அந்தப் பக்கம், இடுக்கி மாவட்டத்தில். போடியிலிருந்து போடிமெட்டு ஏற 17 கொண்டை ஊசி வளைவுகள். மேலே போய்ச் சேர்ந்த பிறகும் தார்ச்சாலை முடிகிற இடத்திலிருந்து ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர் வரைக்கும் உருண்டைக் கல் பாதை. மழை பெய்தால் அதுவே ஓடை. காய் எடுக்கிற நாட்களில் இந்தப் பக்கத்து ஆட்களை ஏற்றிப்போய் இறக்கிவிட்டு, பச்சைக்காயையோ உரமூட்டையையோ சுமந்து திரும்ப வேண்டும். அந்தப் பாதையில் லாரி போகாது, கார் போகாது. ஜீப் படுத்துக்கொண்டால் தோட்டமே படுத்துக்கொண்ட மாதிரி.

அவர்களுடையது 1960களில் வந்த மகிந்திரா சிஜே-3பி. அதன் குலத்தைச் சொல்லாமல் அதன் பராமரிப்பைச் சொல்ல முடியாது. 1941-இல் அமெரிக்க ராணுவத்துக்காக வில்லிஸ் கம்பெனி எம்பி ஜீப்பைச் செய்தது. ஃபோர்டும் அதே அச்சில் செய்தது. போர் முடிவதற்குள் இரண்டும் சேர்ந்து ஆறு லட்சத்துக்கும் மேலே. 1947-லிருந்து பம்பாயில் மகிந்திரா வில்லிஸ் ஜீப்பைப் பூட்டத் தொடங்கியது. 1953-இல் அமெரிக்காவில் வந்த சிஜே-3பி-க்கு வால்வு அமைப்பு மாறிய ஹரிக்கேன் எஞ்சின். உயரம் கூடுதலானதால் பானெட்டையும் தூக்கி வைத்தார்கள். நம் ஊர்க் கண்ணுக்கு 'ஜீப்' என்றால் அந்தத் தூக்கிய நெற்றிதான். எஞ்சின் 2.2 லிட்டர், ஏறக்குறைய 72 குதிரைத்திறன். மூன்றே கியர். தரையிலிருந்து மூன்று லீவர்கள் முளைத்திருக்கும்: ஒன்று கியருக்கு, ஒன்று முன் சக்கரத்தையும் சேர்த்துக்கொள்ள, ஒன்று 'லோ'வுக்கு. பெட்ரோல் டாங்க் டிரைவரின் இருக்கைக்கு அடியிலேயே. ராணுவத்தான் எதற்கும் பயப்பட மாட்டான் என்று வடிவமைத்தவர் நினைத்திருக்க வேண்டும்.

அதன் கிரவுன் வீலில் 43 பல், பினியனில் 8. அதாவது டிரைவ் ஷாஃப்ட் ஐந்து சுற்றுக்கு மேல் சுற்றினால்தான் சக்கரம் ஒரு சுற்று. மலைக்கு இது வரம், சமவெளிக்குச் சாபம். தேனி சாலையில் அறுபதைத் தாண்டினாலே எஞ்சின் கத்த ஆரம்பித்துவிடும். இந்த எண்ணை மனதில் வையுங்கள். பிற்காலத்து மாற்றங்களில் பாதி, இந்த 43-க்கும் 8-க்கும் எதிராக நடந்த போராட்டம்.

அன்றைக்கு வீட்டிலேயே ஜீப்பைப் பார்த்துக்கொள்வது பொழுதுபோக்கு கிடையாது. ஞாயிற்றுக்கிழமை காலை ஆடு மாடு குளிப்பாட்டுகிற அதே நேரத்தில் நடக்கிற வேலை. முதலில் கிரீஸ். ஸ்பிரிங் ஷேக்கிள், டை ராட், டிரைவ் ஷாஃப்ட்டின் கிராஸ் என்று உடம்பெல்லாம் நிப்பிள். ஒவ்வொன்றிலும் கிரீஸ் கன்னை வைத்து, பழைய அழுக்கு கிரீஸ் பிதுங்கி வெளியே வருகிற வரை அடிக்க வேண்டும். மண் தண்ணீரில் இறங்கி ஏறுகிற வண்டிக்கு ஒரு வாரம் விட்டால் கிராஸ் காய்ந்து கிணிங் கிணிங் என்று சத்தம் கொடுக்கும். அடுத்து ஹவுசிங் ஆயில், கியர் ஆயில். 90 நம்பர் ஊற்ற வேண்டிய இடத்தில், பல் தேய்ந்து ஊளையிட ஆரம்பித்தால் 140 ஊற்றிச் சத்தத்தை அமுக்குவார்கள். நோய் போகாது, முனகல் நிற்கும்.

பிறகு பிரேக். மாஸ்டர் சிலிண்டர் பலகைக்கு அடியில், சேறு தெறிக்கிற இடத்தில் இருக்கும். மூடியைத் திறக்குமுன் சுற்றிலும் துடைக்காவிட்டால் மண் உள்ளே விழும். காற்று எடுக்க இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் சக்கரத்தடியில் படுத்து நிப்பிளைத் தளர்த்துவார். பெடலில் வீட்டுப் பையன். "அமுக்கு. இன்னொரு தடவை. பிடிச்சுக்கோ… விட்ராதடா!" பையனின் கால் பெடலுக்கு எட்டாது, ஸ்டீயரிங்கைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே மிதிப்பான். கொஞ்சம் முன்னால் விட்டுவிட்டால் காற்று மறுபடி ஏறிக்கொள்ளும், கீழேயிருந்து வசவு வரும். தென்மாவட்டத்து மலையடிவார ஊர்களில் ஐம்பது வயதைக் கடந்த பல ஆண்களின் முதல் எந்திரப் பாடம் இந்தப் பெடல்தான். நான்கு சக்கரத்துக்கும் ஒரே குழாய்ச் சுற்று. எங்காவது ஒரு ரப்பர் வாஷர் போனால் மொத்தப் பிரேக்கும் போயிற்று. அதனால் இறக்கத்தில் பிரேக்கை நம்பவே மாட்டார்கள். ஏறின கியரிலேயே இறங்கு என்பது விதி. ஓடை தாண்டினால் டிரம் நனைந்து பிடிக்காது. கொஞ்ச தூரம் பெடலில் லேசாகக் கால் வைத்தபடியே போய்ச் சூட்டில் காயவைப்பார்கள்.

அளவுக்கருவி என்று பெரிதாக எதுவும் இருக்காது. பிளாட்டினம் பாயின்ட்டின் இடைவெளிக்குத் தீப்பெட்டி அட்டை. கறுத்துப்போனால் உப்புத்தாள். எந்த பேரிங் கத்துகிறது என்று பார்க்கத் திருப்புளியின் நுனியை அதன் மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதெலும்பில் வைத்துக் கேட்பது. கரன்ட் வருகிறதா என்று பார்க்க ஹோல்டரில் ஒரு பல்பும் இரண்டு ஒயரும். டைனமோ வண்டி, எஞ்சின் மெதுவாக ஓடினால் சார்ஜ் ஏறாது. ராத்திரியில் வளைவில் வேகம் குறைகிறபோதெல்லாம் விளக்கு மங்கும், எங்கே வெளிச்சம் வேண்டுமோ அங்கே. பேட்டரி இறங்கிப்போன காலையில் முன்னால் ஹேண்டிலைச் செருகிச் சுற்ற வேண்டும். சுற்றுகிறவர் கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைத்துக்கொள்வார். மடக்கிப் பிடித்தால் எஞ்சின் பின்னடிக்கும்போது விரல் முறியும். இதை யாரும் உட்கார வைத்துச் சொல்லித்தரவில்லை. முறிந்த விரல்கள் ஊரில் இருந்தன.

ஸ்டீயரிங் ஆட்டம் தனிக் கதை. ஒரு பள்ளத்தில் முன் சக்கரம் இறங்கியதும் இரண்டு சக்கரமும் படபடவென்று அடித்துக்கொள்ளும். ஸ்டீயரிங்கைப் பிடிக்கிற கை தோள்பட்டை வரை ஆடும். வண்டியை நிறுத்தினால்தான் நிற்கும். காரணம் பல: நக்கிளில் கிங்பின் பேரிங் தேய்ந்திருக்கலாம், டை ராட் எண்டு தளர்ந்திருக்கலாம், ஸ்டீயரிங் பாக்சுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் நிற்கிற பெல் கிராங்க் இளகியிருக்கலாம். கிங்பின்னுக்குக் கீழே வைக்கிற மெல்லிய ஷிம் தகட்டைக் கூட்டிக் குறைத்துத்தான் சரி செய்ய வேண்டும். ஷிம்முக்கு எங்கே போவது? டப்பாத் தகட்டை வெட்டி வைத்தார்கள். வேலை செய்தது, கொஞ்ச நாளைக்கு.

பாகம் கிடைக்காதது ஒரு கஷ்டம் என்றால், கிடைத்த பாகத்தின் தரம் இன்னொரு கஷ்டம். மதுரைக்குப் போய்ப் பார்ப்பார்கள். பெரிய சாமான் என்றால் கோயம்புத்தூர், சென்னைப் புதுப்பேட்டை. ராணுவ ஏலத்தில் வந்த வண்டியின் ஹவுசிங் கிடைத்தால் அதிர்ஷ்டம். கிடைக்காத புஷ்ஷை லேத்தில் கடைந்துகொள்வார்கள். தரை துருப்பிடித்து ஓட்டை விழுந்தால் தார் டிரம்மின் தகட்டைத் தட்டி நிமிர்த்திப் பற்றவைப்பார்கள். அசல் பாகமா போலியா என்று கேட்கிற பழக்கமே அன்றைக்குக் கிடையாது. அசலாக இருப்பது ஒரு மதிப்பு என்ற எண்ணம் வேலைசெய்கிற வண்டிக்கு வராது. மண்வெட்டியின் காம்பு உடைந்தால் அதே மரத்தில்தான் காம்பு போடுவேன் என்று யார் நிற்கிறார்கள்?

அப்படிப்பட்ட மனநிலையில்தான் டீசல் வந்தது. 1973-இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு பெட்ரோல் ஜீப்பை வைத்துத் தோட்டம் பார்ப்பது நாளுக்கு நாள் கட்டுப்படியாகாமல் போனது. டீசல் அதைவிட மலிவு, லிட்டருக்கு ஓடுவதும் கூடுதல். மகிந்திராவே 1980களில் எம்எம்540-இல் பெஜோ நிறுவனத்தின் எக்ஸ்டிபி 4.90 எஞ்சினை வைத்தது. 2112 சிசி, 62 குதிரைத்திறன். அந்த எஞ்சின் ஒன்று பழையதாகக் கிடைத்ததும் நான் சொல்கிற வீட்டுப் பெரியவர் ஹரிக்கேனை இறக்கிவிட்டார். கணக்குப்படி பத்துக் குதிரை குறைவு. அவர் பார்த்தது டாங்க் எத்தனை நாளைக்கு வருகிறது என்பதை மட்டும்.

எஞ்சினை மாற்றினால் எஞ்சினோடு நிற்பதில்லை. கனம் கூடியதால் முன் ஸ்பிரிங் உட்கார்ந்துவிட்டது; இரண்டு பட்டை கூட்டிச் செருகினார்கள். அதிர்வில் ரேடியேட்டரின் பற்றாசு விட்டது. அடியில் ரப்பர் வைத்தார்கள். வைப்பர் நின்றுபோனது. இது கொஞ்சம் விளக்க வேண்டியது. பழைய வில்லிஸ் வைப்பர் மோட்டாரில் ஓடுவதில்லை, பெட்ரோல் எஞ்சின் காற்றை உறிஞ்சுகிற வெற்றிடத்தில் ஓடும். ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை மிதித்தால் அந்த உறிஞ்சல் குறைந்து வைப்பரும் படுத்துக்கொள்ளும். கொட்டுகிற மழையில் மேடு ஏறும்போது அடிக்கடி காலை எடுத்தால்தான் கண்ணாடி துடைக்கப்படும். டீசல் எஞ்சினில் காற்றை மறிக்கிற அடைப்பான் கிடையாது, அதனால் வெற்றிடமும் இல்லை. வேறு வழியில்லாமல் மின்சார வைப்பர் வந்தது. ஊரே அதைத்தான் பெரிய முன்னேற்றமாகப் பேசியது.

இன்னொரு விளைவு, ஸ்பேனர் இரட்டிப்பானது. ஜீப்பின் சேசிஸ், ஆக்சில், கியர் பாக்ஸ் எல்லாம் அமெரிக்க அங்குலக் கணக்கு. பெஜோ மில்லிமீட்டர். ஒரே வண்டியில் முன்பாதிக்கு 13, 17 நம்பர். பின்பாதிக்கு அரை அங்குலம், ஒன்பதுக்குப் பதினாறு. அவசரத்தில் ஒன்றுக்கு மற்றதைப் போட்டு நட்டின் முனை மழுங்கினால், அப்புறம் உளிதான். அந்த வீட்டு ஸ்பேனர் பெட்டிகளில் ஒன்றில் சிவப்புப் பெயின்ட் தீற்றியிருக்கும், மற்றதில் இருக்காது. இன்றைக்கும் அப்படியே.

டீசலின் நோய்களும் வேறு. ஃபில்டர் அடைத்தோ டாங்க் வறண்டோ குழாயில் காற்று பிடித்தால் வண்டி நின்றுவிடும். ஃபில்டர் தலையில் உள்ள திருகைத் தளர்த்தி, கைப்பம்பை அமுக்கிக்கொண்டே இருக்க வேண்டும்; நுரை வரும், நுரை குறையும், கடைசியில் சுத்தமான டீசல் வரும்; இறுக்கு. அதற்கும் அசையாவிட்டால் நாசில் நட்டுகளைத் தளர்த்தி செல்ஃப் அடித்து அங்கேயும் காற்றை விடு. பனிக்காலத்து விடியலில் ஹீட்டர் பிளக் நாலும் சூடேறக் காத்திருந்து அடிக்க வேண்டும். ஒன்று கருகிப்போயிருந்தாலும் வெள்ளைப் புகையாகக் கக்கும். பம்ப், நாசில் மட்டும் வீட்டு வேலை ஆகாது. அது தேனியிலோ மதுரையிலோ உள்ள பம்ப் கடைக்குப் போய்க் கேலிபரேஷன் ஆகித் திரும்பும். வீட்டுக்கும் பட்டறைக்கும் நடுவில் முதலில் விழுந்த கோடு அதுதான் என்று எனக்குத் தோன்றும். அதற்கு முன்னால் வண்டியில் வீட்டுக் கைக்கு எட்டாத இடம் அநேகமாக இல்லை.

இனி இன்று. அதே முற்றத்தில் பாதி இப்போது மாடி வீடு. எஞ்சின் தூக்கப் புளியமரக் கிளையில் செயின் பிளாக் மாட்டிய காலம் போய், மடக்கி வைக்கிற கிரேன் வாடகைக்கு வருகிறது. ஜாக்கி தூக்கிய வண்டிக்கு அடியில் கல்லும் பலாக்கட்டையும் வைத்தவர்கள் இருந்த இடத்தில் ஜாக் ஸ்டாண்டு. இந்த ஒன்றுக்காகவே இன்றைய காலத்தைக் கும்பிடுவேன். கல் உருண்டு கை நசுங்கிய கதைகள் போதும்.

மகனுக்குச் சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. கொரோனாவில் ஊருக்கு வந்தவர் ஜீப்போடு தங்கிவிட்டார். அவருக்குக் காது இல்லை, அப்பாவே அப்படித்தான் சொல்கிறார். "எங்க கத்துதுன்னு கேக்க மாட்டேங்குறான், படம் பார்த்துட்டு வாரான்." ஆனால் மகன் கையில் அப்பாவுக்கு ஒருநாளும் கிடைக்காத ஒன்று இருக்கிறது: அமெரிக்க ராணுவம் 1944-இல் வெளியிட்ட டிஎம் 9-803 கையேடு, செல்போனில். எந்த நட்டை எவ்வளவு இறுக்க வேண்டும், கிங்பின்னைச் சுற்றிலும் எவ்வளவு இழுவை இருக்க வேண்டும் என்று படத்தோடு போட்டிருக்கிறார்கள். எம்பி ஜீப்புக்கு எழுதியது. ஆனாலும் சிஜே-3பி-க்குப் பாதிக்கு மேல் பொருந்தும். டப்பாத் தகடு போட்டு ஊகத்தில் சரி செய்த ஸ்டீயரிங் ஆட்டத்தை மகன், ஸ்பிரிங் தராசைக் கட்டி இழுத்து, சரியான தடிமனில் வாங்கிய ஷிம்மை வைத்து நிறுத்தினார். அது திரும்பி வரவில்லை. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் தோட்டத்துக்கு அவரே ஓட்டிப்போனார்.

பாகம் கிடைப்பதில் புரட்சியே நடந்துவிட்டது. வாஷர் கிட், கிராஸ், கிங்பின் பேரிங் எல்லாம் வீட்டு வாசலுக்குக் கூரியரில் வருகின்றன. அமெரிக்காவில் வில்லிஸ் பாகங்களையே தொழிலாகச் செய்கிறவர்களிடமிருந்தும் வரவழைக்கலாம். ஹரியானாவின் மண்டி டப்வாலி ஊரில் புதிய உடலையே தகட்டில் அடித்துத் தருகிறார்கள். மல்டிமீட்டர் சல்லிசாகிவிட்டது. ஒற்றை ஆளே பிரேக்கில் காற்று எடுக்கிற உறிஞ்சு பம்ப் வந்துவிட்டது. பெடலில் தொங்கப் பையன்கள் தேவையில்லை, இருக்கிற பையன்களுக்கும் டியூஷன். போலி மட்டும் போகவில்லை. முன்னைவிட நல்ல பெட்டியில் வருகிறது.

மாற்றங்களில் எதை ஏற்பது, எதை விடுவது? நான் பார்த்த வரையில், பணத்துக்கு மேல் பலன் தந்தது டைனமோவை எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டர் வைத்ததுதான். யார் கண்ணிலும் படாது. மெதுவாக ஓடினாலும் சார்ஜ் ஏறும், விளக்கு மங்காது. டீசலுக்கு வைக்கிற சில ஆல்டர்னேட்டர்களின் முதுகில் வேக்குவம் பம்பும் சேர்ந்தே வரும். அதை வைத்துப் பிரேக் பூஸ்டரும் போடலாம். இரண்டாவது, பொலிரோவின் பவர் ஸ்டீயரிங் பாக்ஸ். பெல் கிராங்க்கோடு மல்லுக்கட்டிய தோள்களுக்கு அது பெரிய ஆறுதல், பெண்கள் ஓட்டவும் வழிவிட்டது. ஐந்து கியர் பாக்ஸ் போட்டு அந்த 43-க்கும் 8-க்கும் பதில் சொன்னவர்களும் உண்டு.

பெரிய டயர்தான் எனக்குப் பிடிக்காதது. 6.00-16 என்கிற ஒல்லி டயரைக் கழற்றிவிட்டு அகலமான டயர் போட்டால் வண்டி படத்தில் நன்றாக இருக்கும். சக்கரம் உயர்ந்தால் மொத்தக் கியர் விகிதமும் நீளும். நெடுஞ்சாலையில் எஞ்சின் கத்தல் குறையும், மலையில் இழுவை குறையும். ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லும். டிரம்மின் பிடி அதேதான், நிறுத்த வேண்டிய சக்கரம் பெரிதாகிவிட்டது. கிங்பின்னும் சக்கர பேரிங்கும் சீக்கிரம் தேயும். ஒல்லி டயர் சேற்றைக் கிழித்துக்கொண்டு அடித்தரையைப் பிடித்தது; அகல டயர் நம் ஊர்க் களிமண்ணில் பல நேரம் மேலேயே வழுக்குகிறது. வெள்ளை எல்ஈடி பார் இன்னொரு மோகம். போடிமெட்டுப் பனிமூட்டத்தில் அதைப் போட்டால் முன்னால் வெள்ளைச் சுவர்தான் தெரியும்.

எரிபொருளும் காலடியில் மாறிவிட்டது. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 வந்ததிலிருந்து டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் பத்துப் பங்குதான். காற்றுக்கு நல்லது. பழைய பம்ப்பின் ரப்பர் வளையங்கள் பழைய டீசலுக்கு ஊறிப் பழகியவை. அவை சுருங்கிக் கசிவதைப் பம்ப் கடைக்காரர்கள் சொல்வார்கள். புது வளையம் போட்டால் தீரும். பெட்ரோலில் தொல்லை பெரிது. இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. பழைய ரப்பர்க் குழாயை அது இளக்கும், டயஃப்ரத்தை உப்பவைக்கும், ஈரத்தை இழுத்துக்கொள்ளும். நிறுத்தியே வைத்தால் டாங்க்கின் அடியில் துருப்பிடிக்கும். டாங்க் இருக்கைக்கு அடியில் என்பதை மறக்க வேண்டாம். ஹரிக்கேனைத் திரும்ப மாட்ட நினைக்கிற மகன் முதலில் வாங்கி வைத்தது எத்தனாலைத் தாங்குகிற குழாய்களும் புது டயஃப்ரமும்தான். அசலுக்குத் திரும்புவது என்று கிளம்பினாலும் இந்த இடத்தில் அசல் ஆபத்து.

அப்புறம் சட்டம். அப்பா எஞ்சின் மாற்றியபோது ஊரில் அதை யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. 2019 ஜனவரியில், கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில், தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை அமைப்பை மாற்றக் கூடாது என்று உச்சநீதிமன்றம் சொன்னது. எஞ்சினைத் தொடுவதாக இருந்தால் முன்கூட்டி ஆர்டிஓவிடம் அனுமதி வாங்கி ஆர்சியில் ஏற்ற வேண்டும். பதினைந்து வருடம் கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. இதற்கு நடுவே 2021-இல் வந்த ஒரு விதி, ஐம்பது வயது தாண்டிய வண்டிகளுக்கு 'வின்டேஜ்' என்று தனிப் பதிவும் விஏ என்ற எழுத்துள்ள நம்பர் பலகையும் தருகிறது. நிபந்தனை: சேசிஸ், உடல், எஞ்சின் ஆகியவற்றைப் பெரிதாக மாற்றியிருக்கக் கூடாது. பதிவு செய்துவிட்டால் தினசரி ஓட்டவும் கூடாது; கண்காட்சி, பேரணி, எரிபொருள் நிரப்புவது, பழுதுபார்ப்பது போன்றவற்றுக்கு மட்டும்.

இந்த விதி அந்த வீட்டில் நடத்திய கூத்தைப் பார்க்க வேண்டும். பெரியவர் ஒழுங்கானவர், அந்தக் காலத்திலேயே ஆர்சியில் டீசல் என்று எழுதி வாங்கியிருந்தார். இன்று பெட்ரோலுக்குத் திரும்ப அந்த ஒழுங்கே இடைஞ்சல். எழுதாமல் விட்டிருந்தால் எஞ்சின் நம்பர் ஒத்துப்போகாத வேறு சிக்கல். வின்டேஜ் ஆக்கினால் தோட்டத்துக்கு ஓட்ட முடியாது. ஆக்காவிட்டால் ஆயிரம் பேரிடம் தேடி ஹரிக்கேனை வாங்கியதற்கு என்ன பொருள்? "ஓடாத வண்டிக்கு எதுக்குடா எஞ்சின்?" என்கிறார் பெரியவர். பதில் சொல்ல எனக்கும் தெரியவில்லை.

மலையும் மாறிவிட்டது. மூணாறு–போடிமெட்டுச் சாலை அகலமாகி, சாதாரணக் கார்கள் ஓடுகின்றன. ஆள் ஏற்றிப்போகிற ஜீப்கள் இன்னமும் விடியலில் தேனி மாவட்டத்து ஊர்களிலிருந்து ஏறுகின்றன. அவை பெரும்பாலும் பின்னால் வந்த நீள ஜீப்கள், 2523 சிசி டிஐ எஞ்சின்கள். அவற்றுக்கு ஹீட்டர் பிளக் தேவையில்லை, வீட்டிலேயே பாதி வேலை பார்த்துக்கொள்ளலாம். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு, ஏறத்தாழ 8,000 அடிக்கு, சூரிய உதயம் பார்க்கப் பயணிகளை ஏற்றிப்போகிற ஜீப்காரர்கள்தான் இன்று இந்த வித்தையில் கைதேர்ந்தவர்கள் என்று சொல்வேன். கல்பாதை தினமும் வண்டியை உடைக்கிறது, அவர்கள் தினமும் ஒட்டுகிறார்கள். அவர்களுக்கு வின்டேஜும் தெரியாது, டிஎம் 9-803-உம் வேண்டாம். ஷேக்கிள் புஷ்ஷும் பட்டையும் கையிருப்பில் இருக்கும்.

2010-இல் வந்த தார் வண்டியிலேயே காமன்ரெயில் எஞ்சின் கிடைத்தது. 2020-இல் வந்த தார் முழுக்க வேறு வண்டி. சென்சார் சொன்னால்தான் நோய் தெரியும். அதன் சொந்தக்காரரால் வீட்டில் ஆயில் மாற்றலாம், ஃபில்டர் மாற்றலாம், சின்ன ஸ்கேனர் ஒன்றைச் செருகி வருகிற பிழைக் குறியீட்டைப் படிக்கலாம். திருப்புளியைக் காதில் வைத்துப் பயனில்லை. ஆனால் அந்த வண்டி மலையில் நிற்பதும் அபூர்வம். நின்றால்தான் லாரியில் ஏற்ற வேண்டும்.

பெரியவர் வீட்டில் இப்போதைய சண்டை பிரேக் பற்றியது. முன்சக்கரத்துக்கு டிஸ்க்கும், இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டரும் போட்டுவிட வேண்டும் என்பது அவர் வாதம். ஒரு வாஷர் போனதற்கு மொத்தப் பிரேக்கும் போன நாளை அவர் கண்டவர். டிரம் அசல், அதைத் தொட்டால் விஏ பலகை கிடைக்குமோ என்னவோ என்று மகன் தயங்குகிறார். மாற்றுவதற்கு அப்பாவும் பழையபடியே வைத்திருக்க மகனும் வாதாடுவதை முதல் தடவையாகக் கேட்கிற பக்கத்து வீட்டார் குழம்பிப் போகிறார்கள். நான் பெரியவர் கட்சி. பேரணியில் பரிசு வாங்குகிற வண்டியும் பேரணிக்கு மலையிறங்கித்தான் வர வேண்டும். ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டுச் சொல்வதாக மகன் சொல்லியிருக்கிறார். அதுவரை போடிமெட்டு இறக்கத்தில் அந்த ஜீப் செகண்ட் கியரிலேயே வருகிறது. பின்னால் ஹாரன் அடிக்கிற கார்களுக்குப் பெரியவர் கையை வெளியே நீட்டி, முந்திக்கொண்டு போகச் சொல்கிறார்.